புனிதத்தின் குரல் எட்டும் தீவுகள்

மணலில் விரித்த தறப்பாளில் காயும் சூடை மீனை ஒரு கையால் புரட்டிக்கொண்டே, மறு கையிலிருக்கும் கைபேசிக்குள் புனிதம் கத்துகிறார்: "பிள்ளை கம்சா, ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது! தாய்லாந்துக் கடலெண்டாலும் ஞாயிறு ஞாயிறுதான். பூசைக்குப் போகாட்டி சாமியாருக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

குரற்பதிவை அனுப்பிவிட்டு, ஒரு மீனை எடுத்து முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் வெயிலை ஏசுகிறார்.

முள்ளிவாய்க்கால் கரையில் கைபேசியே தேவைப்படாத ஒரே ஆள் இவர்தான். ஒருமுறை கணவர் கிறகோரியைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, கடலில் நின்ற நாலு வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. நாலு வள்ளத்து ஆட்களும் கை கழுவிவிட்டு வந்து நின்றார்கள். எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் கொக்கிளாயில் ஒரு நாய் எழுந்து நின்றதாகவும் சொல்கிறார்கள். நாயை நான் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் உண்மை.

சங்கதி இதுதான். நோர்வேயில் இருக்கும் மகள் கம்சா, வரும் மாசியில் பெற்றோரைத் தாய்லாந்துக்கு அழைத்து, ஒரு பாய்க்கப்பலை வாடகைக்கு எடுத்து, தீவு தீவாக ஒரு கிழமை முழுக்கச் சுற்றப்போகிறாள். பேரனைப் புனிதம் இதுவரை கைபேசித் திரையில்தான் கொஞ்சியிருக்கிறார். பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கடற்கரைக்காரி அல்லவா!

புதுக்குடியிருப்புச் சந்தையில் இவரிடம் கருவாடு வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் காற்றைக் கேட்பார்கள். "வாடை எழும்புது, போகாதேங்கோ" என்று இவர் சொன்னால், ஏற்றிய வலையை இறக்கிவிடுவார்கள். ஆனால் இவர் வள்ளத்தில் ஏறியதை மட்டும் இங்கே ஒருவரும் கண்டதில்லை. பெண்கள் ஏறும் வழக்கம் இல்லை என்று முன்பு சொல்வார். சுனாமிக்குப் பிறகு அதையும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு கடலைப் பற்றிக் கதைப்பாரே தவிர, கடலோடு கதைப்பதில்லை. அலை தொடும் இடத்துக்கு இப்பாலேயே நின்றுவிடுவார்.

ஆகவே நாளுக்கொரு தடையைக் கண்டுபிடித்து நோர்வேக்கு அனுப்பினார். கம்சாவும் அவர் வயிற்றில் பிறந்தவள்தானே! வந்த தடைகளை ஒவ்வொன்றாய் அடித்து விழுத்தினாள். ஞாயிற்றுப் புறப்பாடு திங்களுக்கு மாறியது.

"வள்ளத்தில கக்கூஸ் இருக்கோ?"

"மூண்டு இருக்கம்மா."

"மூண்டோ? வீட்டிலயே ஒண்டுதான் இருக்கு. அப்ப அது வள்ளமில்லை, ஆஸ்பத்திரி. சரி, கப்பித்தான் வேதக்காரனோ, பூசைக்குப் போறவனோ?"

"ஓமம்மா. பிலிப்பைன்ஸ் ஆள். பேர் அன்ரனி."

அந்தோனியாரே மகளின் பக்கம் சேர்ந்துவிட்டால் மனுசி என்னதான் செய்வார்!

புனிதம் அடுத்ததாக வரைபடத்தைப் பிடித்துக்கொண்டார். கைபேசியில் தீவுகளை விரலால் பெருப்பித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னிடம் நீட்டினார்: "ரீச்சர், இந்தக் கரையில நிண்டு கூப்பிட்டா அந்தத் தீவில கேக்குமோ?" கேட்காது என்று தோன்றிய தீவுகளையெல்லாம் பயணத்திலிருந்து தள்ளிவிட்டார். கரையோடு ஒட்டிக்கிடந்த சில தீவுகள்தான் மிஞ்சின. அவற்றுக்கும் கம்சா சரியென்றுவிட்டாள்.

கடைசியாக ஒன்றுதான் மிஞ்சியது. ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜக்கெற் என்ன அளவு என்று கப்பல்காரர் கேட்டிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்தால்தான் பதிவு உறுதியாகும். நேற்று மாலைதான் தவணை. கிறகோரியின் அளவு எப்போதோ போய்விட்டது.

"எனக்கென்னத்துக்கு அளவு? கலியாணச் சட்டையே தைக்கப்போறாள்?" என்று நேற்று மத்தியானமும் புனிதம் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வள்ளத்துக்கார ஜெனுசன், வலையில் சிக்கெடுத்தபடியே சீண்டினான்: "புனிதம் அன்ரி, அந்தக் கப்பலில ஹோர்னைக் கழட்டிப்போட்டாங்களாம். நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டவுடனை."

"உன்ர வாயில சூடையை அடைவன்!"

மணலில் ஏற்றியிருந்த தன் வள்ளத்தருகே குனிந்திருந்த கிறகோரி, தலை நிமிராமலே சொன்னார்: "விடடா தம்பி. அவா வரமாட்டா. நான் போய்ப் பேரனிட்டைக் கருவாட்டுப் பாசலைக் குடுத்து, இதுதான் உன்ர அம்மம்மா எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

புனிதத்தின் கை மீனின்மேல் அப்படியே நின்றது. பிறகு கையை உடுத்திருந்த சோட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கம்பில் தொங்கிய கிறகோரியின் செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற்றை எடுத்து மாட்டினார், முன்பக்கம் பூட்டுப்படவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, அந்தோனியாரைக் கூப்பிட்டு, அதே மூச்சில் கிறகோரியை ஏசி, உள்ளே ஏறிக் குந்தினார். கடல் எங்கேயோ தள்ளி அலையடித்துக்கொண்டிருந்தது. வள்ளத்தின் கீழே சுடுமணல்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நங்கூரத்தைப் போடுங்கோ!"

கிறகோரி சிரிக்கவில்லை. நங்கூரத்தைத் தூக்கி மணலில் போட்டார். ஜெனுசன் வலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

இரண்டு கைகளாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி புனிதம் வெகுநேரம் இருந்தார். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, கைபேசியை வாயருகே கொண்டுபோய், இந்தக் கரை இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்:

"பிள்ளை, அப்பான்ர அளவு எனக்குக் காணாது. அதுக்கு அடுத்த சைஸ் போடு."