ஆளே இல்லாத கடற்கரை

அந்தமானில் ஒரு தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். திருப்பூர் பக்கத்தில் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட். பகல் முழுக்க மிஷின் சத்தம், மூக்குக்குள் பஞ்சு. கடை, கூட்டம், குப்பை எதுவுமே எட்டிப் பார்க்காத கரை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

படகுக்காரர் என்னையும் என் வீட்டுக்காரரையும் இறக்கிவிட்டு, மதியம் வருகிறேன் என்று சொல்லிப் போனார். அப்படியொரு மணலை நான் பார்த்ததே இல்லை. ஒரு காலடித் தடம் கிடையாது. தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்லத் தெரியவில்லை. "ஏனுங்க, இங்கயே இருந்துக்கலாமுங்க" என்றேன்.

அவர் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தார். கிணற்றில் நீந்திப் பழகியவர், அந்தத் தெனாவட்டு. போட்டிருந்தது எங்கள் யூனிட் துணியில் தைத்த தடிமனான காட்டன் டிராக் பேண்ட். நைலான் டிரவுசர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிளம்பும்போதே சொன்னேன். "திருப்பூர்க்காரன் நைலான் போட்டா ஊரே சிரிக்கும்" என்றார். அந்தத் துணி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தினமும் துணியைச் சாயம் ஏற்ற டையிங்குக்கு அனுப்பி வாங்குகிற மனுசன்!

கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு கை. அந்தக் கை விளையாடவில்லை என்று புரிந்ததும் தண்ணீர் வரைக்கும் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. "ஏனுங்க! ஏனுங்க!" என்று அலறினேன். திரும்பிப் பார்த்தால் மணலும் மரமும்தான். ஆளே இல்லாத இடம் வேண்டும் என்று கேட்டவள் நான், பாவி!

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கிழியும்வரை திரும்பத் திரும்பக் கத்தினேன். தூரமாகப் போகாமல், கரையோரப் பாறைக்கு அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரர் காதில் அது விழுந்திருக்கிறது. பாய்ந்து வந்து, இவர் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

"மூளை இருக்குதுங்களா உங்களுக்கு!" என்று என் வீட்டுக்காரர் முதுகில் அறைந்துகொண்டே அழுதேன். தண்ணீரையெல்லாம் கக்கி முடித்தார். பிறகு கேட்டார்.

"பேரு சொல்லிக் கூப்புட்டது நீயா?"

"நானேதானுங்க."

"எங்கம்மான்னு நெனச்சேன். அதுதான் என்னைய அப்படிக் கூப்புடும். செத்து மூணு வருசமாச்சு, இப்ப வந்து கூப்புடுதேன்னு... கையக் கால அடிக்கறத நிறுத்திட்டேன், கண்ணு."