மாடசாமி ஓட்டாமல் விட்ட ஜீப்

மாடசாமி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர். நான் முன்பு வேலை பார்த்த மலையில் இருந்தவர்தான். வடகரப்பதியில் என் வீட்டு முன்னால் லாரியை ஓரங்கட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நர்சம்மா, நம்ம மாடசாமி போயிட்டாரு. நெஞ்சுல சளி. எடுத்து அடக்கமும் பண்ணியாச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்டேன். எஸ்டேட் ஜீப்பைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார்களாம். அவர் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். லாரிக்காரர் அதை வீம்பு என்றார். லாரி போன பிறகும் நெடுநேரம் சொம்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசிச் சில வருடங்களில் அவரைக் களை வெட்டுகிற ஆளாக மட்டும் பார்த்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நான் போடிமெட்டை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். மாடசாமி அங்கே ஜீப் டிரைவர். அவருடைய பாட்டனார் காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். என் கொங்குப் பேச்சு அவருக்கு வேடிக்கை. நான் "ஏனுங்கண்ணா" என்று கூப்பிட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறேனா என்று திரும்பிப் பின்னால் பார்ப்பார். எங்களுக்குள் பழக்கம் அப்படிச் சிரிப்பில்தான் தொடங்கியது.

அந்த ஜீப்பை எஸ்டேட் பழையதாகத்தான் வாங்கியது. அதற்கு முன் அதை வைத்திருந்தவர் வேட்டைப் பிரியர். முன்பக்கம் இரண்டு மஞ்சள் விளக்கு, மிருகங்களின் கண்ணைக் கூசவைக்கக் கூரைமேல் ஒரு பெரிய விளக்கு, கூடுதலாக ஒரு ஹாரன், பின்பக்கம் ஒரு பல்பு என்று தன் ஆசைக்கு எல்லாம் பூட்டியிருந்தார். விற்கும்போது கூரை விளக்கை மட்டும் கழற்றிக்கொண்டார். அதற்குப் போன கம்பிகளை அப்படியே விட்டுவிட்டார். எல்லாம் கறுப்புக் கம்பி, எல்லாவற்றையும் சேர்த்துத் துணி டேப்பால் சுற்றியிருந்தது. எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கும். வைப்பரைப் போட்டால் முன்விளக்கு மங்கும்.

மாடசாமி ஓய்வு நேரத்தில் டிஸ்பென்சரி முற்றத்தில் வண்டியை நிறுத்தி, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். ஒரு சின்ன பல்பில் இரண்டு கம்பி கட்டி வைத்திருந்தார். அதைக்கொண்டு எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஒருமுறை, எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தால் என்ன என்று கேட்டேன். "அதுக்கு ஆபீஸ் சம்மதிக்கணும்லா. இன்னொருத்தன் இழுத்தத அவிழ்க்கணும்னா அவன் என்ன நெனச்சு இழுத்தாம்னு தெரியணும், நர்சம்மா. இவன் துப்பாக்கிய நெனச்சு இழுத்திருக்கான். நான் நோயாளிய நெனச்சு அவுக்குதேன்" என்றார்.

ஹாரனைச் சரிசெய்தார். வைப்பரைச் சரிசெய்தார். ஒரு கோளாறு மட்டும் பிடிபடவில்லை. சில பயணங்களில் திடீரென்று எல்லாம் அணைந்து, கருகிய வாசனை வந்து, வண்டி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். அவர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு குண்டும் குழியும் பார்த்து ஏற்றி இறக்கிச் சோதித்தார். மழையில் ஓட்டிப் பார்த்தார். தனியாகப் போகும்போது அது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஈரம்தான் காரணம் என்று நினைத்து, பழைய டியூபை வெட்டிக் கம்பிகளுக்குச் சுற்றினார். போடியிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்லி ஆபீஸில் கேட்டார். ஓடுகிற வண்டிதானே, கொழுந்து சீசன் முடியட்டும் என்றார்கள். அவர் மறுபடியும் போய்க் கேட்டார். மறுபடியும் அதே பதில்.

அந்தச் சீசனில்தான் வேலம்மாளின் பிரசவம். கொழுந்து கிள்ளுகிற பெண், இரண்டாவது பிள்ளை. பிற்பகலில் அவளுக்கு உதிரம் போகத் தொடங்கியது. என் கைக்கு மீறிய காரியம் என்று உடனே தெரிந்துவிட்டது. அவள் புருஷன் கருப்பையாவும் நானும் அவளைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கத்து நீள சீட்டில் படுக்கவைத்தோம். மூடுபனியும் மழையும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. மாடசாமி விளக்கைப் போட்டார், வைப்பரைப் போட்டார், போடி ஆஸ்பத்திரியை நோக்கி இறக்கத்தில் விட்டார்.

மெட்டைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் அந்த வாசனை வந்தது. பிறகு எல்லாம் அணைந்தது. இன்ஜினும் நின்றது. மாடசாமி குதித்து இறங்கி பானட்டைத் தூக்கினார். பெரிய கம்பி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதை வெறுங்கையால் பற்றி இழுத்து அறுத்தார். உள்ளங்கைத் தோல் கம்பியோடு போனதை நான் பார்த்தேன். பேட்டரியிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு கம்பியைக் கொடுத்து, முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். கிளம்பியது. ஆனால் விளக்கு இல்லை, வைப்பர் இல்லை. கருப்பையா தன் வெள்ளைத் துண்டை முதுகில் விரித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நடந்தான். அந்தத் துண்டைப் பார்த்து மாடசாமி ஓட்டினார். நடக்கிற வேகத்துக்குத்தான் வண்டி போயிற்று.

பனி விலகிக் கீழே ஊர் தெரிந்தபோது வேலம்மாளின் கை என் கைக்குள் சில்லிட்டிருந்தது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. கருப்பையா இன்னும் முன்னால் நடந்துகொண்டிருந்தான். நான் முன்சீட்டுக்குக் குனிந்து மாடசாமியிடம் மெல்லச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிவரைக்கும் போயிருவோம் நர்சம்மா. அவன்ட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

எஸ்டேட்டில் விசாரணை என்று ஒன்று நடந்தது. கம்பிகளை அவிழ்த்து மாட்டிக்கொண்டே இருந்தவர் மாடசாமிதானே என்றார்கள். அவரை வண்டியிலிருந்து எடுத்துக் களை வெட்டுக்குப் போட்டார்கள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். கோளாறு எங்கே என்று பார்க்க மட்டும் தன்னை விடவேண்டும் என்றார். ஷெட்டில் சும்மா நின்ற வண்டிதானே என்று விட்டார்கள். கருப்பையா அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான். தண்ணீர்க் குழாயடியில் அவர் வந்தால் இவன் குடத்தை வைத்துவிட்டு விலகிப்போவான்.

கையில் கட்டோடு மாடசாமி அந்த ஷெட்டிலேயே கிடந்தார். வேலை முடிந்ததும் அங்கேதான் போவார். கருகிய கம்பியை மாற்றி, பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தச் சின்ன பல்பைக் கட்டினார். எல்லாவற்றையும் அணைத்து வைத்த பிறகும் பல்பு எரிந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். பல்பு எரியவே இல்லை. ஆட்டினார், உலுக்கினார், கம்பிகளின்மேல் தண்ணீர் ஊற்றினார். எரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். என்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும், தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லித் தயங்கினார். வண்டி நின்றுபோன பயணங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாராம். ஒன்றில் உரமூட்டை. ஒன்றில் கால் முறிந்த கங்காணி. எல்லாவற்றிலும் பின்னால் பாரம் இருந்திருக்கிறது. "நீங்க ஒருக்க அந்த சீட்ல படுக்கணும் நர்சம்மா. அவ படுத்த மாதிரியே."

போனேன். கழுவியிருந்தார்கள், ஆனாலும் சீட்டின் தையலில் கறை இருந்தது. நான் உட்கார்ந்தேன். பல்பு எரியவில்லை. கால்களை நீட்டி மல்லாந்து படுத்தேன்.

பல்பு எரிந்தது.

எழுந்தேன், அணைந்தது. அவர் கையசைத்தார், மறுபடி படுத்தேன், எரிந்தது. சீட்டின் இரும்புக் காலுக்கு அடியில், தகரத்தோடு ஒட்டி, கூரை விளக்குக்குப் போன அந்தப் பழைய கம்பி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கே இல்லாத கம்பி. ஃபியூஸ்கூட இல்லாமல் நேராகக் கரண்ட் எடுத்து விட்டிருக்கிறார்கள். ஆள் படுத்தால் சீட்டின் அந்தக் கால் அமுங்கும், தோல் தேய்ந்த கம்பி இரும்பைத் தொடும். மாடசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். "தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு வண்டி. ஆளு படுத்தா நிக்குது" என்றார். பிறகு அந்தக் கம்பியை வெட்டி எடுத்தார். ஒரு சாண்கூட இருக்காது.

கருப்பையாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். வழியில் நான் அவரிடம் மன்றாடினேன். அவன் ஏதாவது கேட்டால், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று "சொல்லிப்போடுங்கண்ணா" என்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

கருப்பையா லயத்து வாசலில் மூத்த பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவில்லை. மாடசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆபீஸில் கேட்டதையோ அவர்கள் மறுத்ததையோ சொல்லவில்லை. கம்பியைப் பற்றி மட்டும் சொன்னார். அவன் கேட்டு முடித்துவிட்டு, "முன்னமே ஒரு ஆளு படுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாண்ணே?" என்றான்.

மாடசாமி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கும்" என்றார்.

கருப்பையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வருடமே அவன் எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஜீப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. வேறு டிரைவர் ஓட்டினார். அதன் சத்தம் கேட்டால் மாடசாமி களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, அது வளைவில் மறையும்வரை நிற்பார். டிரைவர் வேலையைத் திரும்பத் தருவதாக ஆபீஸிலிருந்தே ஒருமுறை கேட்டார்கள். முடியாது என்றார். நான் வற்புறுத்தியபோது, "எனக்கு ஓட்ட மறக்கல நர்சம்மா. பின்னால திரும்பிப் பாக்கத்தான் முடியல" என்றார். அவருக்கு எது சொன்னாலும் தேறுதலாக இருக்கவில்லை. நானும் ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டேன். சிலருக்கு அது ஆறுவதில்லை. இதைவிட நல்லதாக ஒன்று எழுத முடிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

நான் இப்போது வடகரப்பதியில் பிரசவம் பார்க்கிறேன். இங்கே மாட்டுவண்டி, சில சமயம் டிராக்டர், எப்போதாவது ஒரு வாடகைக் கார். எந்த வண்டி வந்து நின்றாலும், கர்ப்பிணியை ஏற்றுவதற்கு முன்னால் நான் ஏறி மல்லாந்து படுக்கிறேன். வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்காரர்கள், "ஏனுங்க, நேரமாகுதுங்க" என்று பதறுகிறார்கள். இதுவரை ஒரு கோளாறும் அகப்பட்டதில்லை, ஒரு உயிரும் இதனால் பிழைத்ததாகச் சொல்ல முடியாது. மாடசாமியிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். படுத்து, கண்ணை மூடி, கொஞ்சம் காத்திருக்கிறேன். பிறகு இறங்கி, ஏற்றச் சொல்கிறேன்.