மாயம்மாளின் தப்பான பிடி

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் பன்னிரண்டு வருஷமாகச் சாக்கு வாயைப் பிடித்து நிற்பதுதான் மாயம்மாளின் வேலை. ஆண்கள் மிளகைக் கொட்டுவார்கள். வாய் தைத்து முடியும்வரை அவள் கையைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் சரக்கு தரையில், ஏச்சு தலையில். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவளுக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. மேஸ்திரி ராசப்பனுக்கு அது தெரியும். தெரிந்துதான், ஆளில்லாத நேரம் பார்த்து அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைப் பக்கம் இழுப்பான், நாய்ப் பிறவி. இதுவரை ஒவ்வொரு தடவையும் யாராவது இருமிக்கொண்டு வந்ததால் தப்பித்தாள். அடுத்தவர் இருமல் எத்தனை நாளைக்குக் காப்பாற்றும்?

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. மட்டாஞ்சேரியில் தடுக்கி விழுந்தால் ஒரு தற்காப்பு மாஸ்டர் மேல்தான் விழ வேண்டும். கப்பலில் சமையல்காரராக இருந்த விஸ்வேஸ்வரன், ஜப்பானில் ஐகிடோ கற்றதாகச் சொல்லிக்கொண்டார். அதே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை பார்த்த ராமபத்ரன், கொரியாவில் ஹாப்கிடோ கற்றாராம். எதிரெதிர் மாடிகளில் வகுப்பு. ஒருவர் நிழல் மற்றவருக்கு ஆகாது.

“புதுசாப் படிக்கிறவளுக்கு எது சீக்கிரம் உதவும்?” என்று இரண்டு பேரிடமும் கேட்டாள் மாயம்மாள்.

“ஐகிடோவில அடியே இல்ல. எதிராளி வர்ற வேகத்தோட நாமளும் திரும்பி அவனை விழ வைக்கணும். முதல்ல ஆறு மாசம் நீ விழப் படிக்கணும்” என்றார் விஸ்வேஸ்வரன்.

விழுவதற்கு ஆறு மாசமா! எதிர் மாடிக்கு ஏறினாள்.

“அங்கே சுத்தறது மட்டும். இங்கே கையை மடக்கவும் செய்யலாம், கூடவே உதையும் குத்தும் உண்டு” என்றார் ராமபத்ரன். “முதல்ல காலைக் காதுவரை தூக்கிப் பழகணும்.” சேலை கட்டியவளைப் பார்த்து இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

இரண்டு இடத்திலும் மாஸ்டர் விரலை அசைக்கும் முன்பே சிஷ்யர்கள் பொத்தென்று விழுந்தார்கள். குருவின் மானத்தைக் காப்பாற்றும் திருப்பணி! மாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “நான் பிடிக்கட்டுமா சேட்டா?” என்று இரண்டு மாடியிலும் தனித்தனியே இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள், சாக்கு வாயைப் பிடிப்பதுபோலத்தான். விஸ்வேஸ்வரன் சுழன்றார், கை வரவில்லை. ராமபத்ரன் திருகினார், குத்த ஓங்கினார், வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்.

“இது தப்பான பிடி, பெண்ணே. மெல்லப் பிடிக்கணும்” என்றார்கள் இரண்டு பேரும். வாழ்க்கையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

‘ராசப்பன் மெல்லவா பிடிக்கான்? தூ!’ என்று படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று தன் கையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் ராசப்பன் கையை நீட்டினான். மாயம்மாள் முந்திக்கொண்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் கிடங்கு வாசலைத் தாண்டினாள், கடைத்தெருவில் நடந்தாள், மாஸ்டர்கள் இரண்டு பேரும் மாடியிலிருந்து பார்க்க, அவன் வீட்டு வாசல்வரை இழுத்துப் போனாள். அவன் சுழன்றும் பார்த்தான், உதைத்தும் பார்த்தான்.

“அக்கா, ஒங்க ஆளு தெனமும் என் கையப் பிடிச்சி இழுக்காரு. நீங்க வாங்கிக்கிட்டாத்தான் விடுவேன்” என்றாள்.

அவன் மனைவி கமலாக்ஷி இருவரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“விடாதே. செருப்பு எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள்.

அதன்பிறகு ராசப்பன் கிடங்கில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தான்.