குடத்தின் கரை

கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி பல்பு சூட்டில் காயும்போது ஒரு வாசனை வரும். தோசை கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் கல்லிலிருந்து எழும்புமே, அந்த வாசனை. எழுபதுகளில் செங்கல்பட்டில் அப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் அதை மோந்துகொண்டும், இப்போ பத்திக்கும், இதோ பத்திக்கும் என்று பயந்துகொண்டும்தான் என் பிள்ளைப்பருவம் கழிந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் வைக்கச் சொன்னதில்லை. இன்னும் பற்றாத நெருப்புக்கும் தண்ணீர் மொண்டு வைக்கிற புத்தி எனக்கு. இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பாதிப் படி இறங்கினவள் திரும்பி ஏறுவேன்.

மனுஷ முகத்தைப் படம் எடுப்பது அப்பாவுக்குப் பெரிய காரியமில்லை. பாத்திரம்தான் அவரைப் படுத்தி எடுத்தது. வீடுகளில் பித்தளை போய் எவர்சில்வர் வந்துகொண்டிருந்த காலம். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், புது வருஷக் காலண்டருக்குச் சாமி படம் வேண்டாம், என் கடைக் குடமும் தூக்கும் மின்னுகிற மாதிரி எடுத்துக் கொடு என்று கொண்டுவந்து இறக்கினார். அப்பா எல்லாரையும் எடுப்பது போலவே எதிரே விளக்கை வைத்து எடுத்துக் காட்டினார். முதலாளி படத்தைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டு, "யோவ், குடத்துக்குள்ள எவனோ தொப்பையும் துண்டுமா நிக்கிறான், யாருய்யா அவன்?" என்றார்.

"நீங்கதான் மொதலாளி. பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்களே" என்றார் அப்பா.

தொப்பைக்குப் பக்கத்தில் மூன்று கால் கேமரா, ஜன்னல், பல்பு, வாளியோடு நான் என்று எல்லாருமே அந்தக் குடத்துக்குள் குடித்தனம் இருந்தோம்.

அன்றிலிருந்து அப்பாவின் பேச்சே மாறிப்போயிற்று. "ஜாமான பாக்காத, ஜாமான் இன்னாத்த பாக்குதுன்னு பாரு" என்பார். பளபளப்புக்குச் சொந்த முகம் கிடையாது, எதிரில் இருப்பதுதான் அதன் முகம். அதனால் விளக்கைக் குடத்துக்குப் போடக் கூடாது, குடம் பார்க்கிற இடத்துக்குப் போட வேண்டும். நாலு பக்கமும் மேலேயும் கொடிக்கயிற்றில் வேட்டிகளைக் கட்டி, குடத்தை நடுவில் வைத்து, பல்புகளை வேட்டிக்கு வெளியே நிறுத்தினார். வேட்டியெல்லாம் வெளிச்சமாயிற்று, குடம் அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தது. கேமராவின் கண்ணுக்கு ஒரு ஓட்டை. "குடம் பாக்குது, எல்லாரும் மூஞ்ச எடுங்க" என்று குரல் வந்ததும் நாங்கள் சுவரோரம் ஒடுங்குவோம்.

ஆனால் சுற்றிலும் வெள்ளையானதும் குடமும் வெள்ளையாகி, எங்கே குடம் முடிகிறது, எங்கே வேட்டி ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தால்தான் உருவம் நிற்கும். அந்தக் கோட்டை அப்பா 'கரை' என்பார். "கரை இல்லன்னா குடம் கரைஞ்சி பூடும்." போட்டோ பேப்பரைச் சுற்றி வருகிற கறுப்புக் காகிதத்தை வெட்டி நிறுத்திப் பார்த்தார், கோடு கத்தியால் கீறினது போல விறைத்து நின்றது. அந்த நேரம் வேட்டி மடிப்பைச் சரிசெய்ய அம்மா கருநீலப் புடவையோடு உள்ளே போனாள். கேமராத் துணிக்குள்ளிருந்து அப்பா கத்தினார்: "அசையாத! அங்கியே நில்லு!" குடத்தின் ஓரத்தில் மெத்தென்று, கண்ணுக்கு மை இட்டது போல, ஒரு கரை விழுந்திருந்தது.

அதற்கப்புறம் அம்மாதான் கரை. "கரை, கொஞ்சம் உள்ள வா", "கரை, பின்னால போ" என்று அப்பா சொல்லச் சொல்ல நகர்வாள். "நான் இன்னா பொம்பளையா, கோடாய்யா?" என்று வேட்டிக்குள்ளிருந்து கேட்பாள். "கோடு பேசாது" என்பார் அப்பா. அவள் சிரிப்பில் வேட்டி ஆடும். ஆடினால் படம் போச்சு என்று அதற்கும் ஒரு கத்து கத்துவார்.

அம்மா மகாபலிபுரத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். வெள்ளைக்காரர்களைக் கோயில் எதிரே நிறுத்திப் படம் எடுக்கப் போன இடத்தில் பார்த்துத்தான் அப்பா கட்டிக்கொண்டார். அவர்கள் கல்யாணத்துக்குப் போட்டோ இல்லை. எடுக்க வேண்டியவரே மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பிறகும் 'எடுத்துக்கலாம், நீ எங்க போவப் போற' என்றே வருஷங்கள் போயின. காலண்டரில் மின்னின அத்தனை குடத்திலும் செம்பிலும் தூக்கிலும், ஓரத்தில், அம்மா கோடாக மட்டும் நின்றாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. "ஒண்ணியும் இல்லடி, தூசி" என்பாள். வேட்டிக்குள்ளே சூடும் கஞ்சி நெடியுமாகப் புழுங்கும். நான் வாளியை மறந்துவிட்டு அவள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். எனக்குப் பயப்படுவதற்கு அப்போதுதான் சரியான காரணம் கிடைத்திருந்தது, ஆனால் அதற்கு எந்த வாளியைத் தூக்கி வைப்பது என்று தெரியவில்லை. காலண்டரின் முதல் பக்கத்துக்கான பெரிய குடத்தை எடுத்த அன்று, அப்பா லென்ஸ் மூடியைத் திறந்தவுடனே இருமல் அம்மாவைக் குடைந்து முன்னால் தள்ளிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வெளியே ஓடியிருப்பார்கள். அம்மாவுக்கு 'அசையாத' என்பது எலும்பில் ஏறிப்போன சொல். எங்கே வந்து விழுந்தாளோ அங்கேயே, குடத்துக்கு நேர் எதிரே, குனிந்த வாக்கில் கல்லாக நின்றுவிட்டாள். அப்பா மூடியை மூடினார். கையிருப்பில் கடைசி ஃபிலிம் அது. குடத்தைத் திருப்பி எடுத்துப்போகக் கடை ஆள் வாசலில் நின்றான்.

கழுவிப் பார்த்தால் குடத்தின் வயிற்றில் அம்மா முகம், மொச்சைக்கொட்டை அளவில், அத்தனை தெளிவாக. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நெகட்டிவில் மெல்லிய பிரஷ்ஷால், படத்தில் வெள்ளையாக விழுகிற சிவப்புச் சாயத்தை ஏற்றி ஏற்றி, அவளை வேட்டியோடு வேட்டியாக்கினார். மூக்குத்தி மட்டும் அடங்கவில்லை. வேட்டியைவிட வெள்ளையாகச் சுடர்விட்டது. அதை பிளேடு முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கும் சாயம் வைத்தார். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பூட்டனா?" என்று கேட்டாள்.

"பூட்ட" என்றார் அப்பா, வேலை சுத்தமாக வந்த சந்தோஷத்தில்.

அந்தக் காலண்டர் ஊர் வீடுகளில் மாட்டின வருஷமே, மாசியில், அம்மா ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள்.

காரியத்தை அம்மா ஊரில், கடற்கரையில் செய்வதென்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஒரு நாள் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களிடம் வந்து, "மாலை போடணும், அக்கா போட்டோ ஒண்ணு சட்டம் போட்டு எடுத்தா மச்சான்" என்றார். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மாமாவுக்கு விஷயம் பிடிபட நேரமாயிற்று. "ஊர்ல கீற அண்டா குண்டானுக்கெல்லாம் போட்டோ கீது. எங்கக்காவுக்கு இல்லியா மச்சான்?" சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் போனதும் அப்பா அந்தக் குடத்து நெகட்டிவைத் தேடி எடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்தினார். சாயம் தண்ணீரில் கரைகிற ஜாதி. சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து போகப் போக, அடியிலிருந்து அம்மா வந்தாள். குடத்தில் விழுந்த முகம் இடம் வலம் மாறியிருக்கும் என்று ஃபிலிமைப் புரட்டி வைத்தார். குடத்தின் வளைவில் கன்னம் அகன்றிருந்ததால் பேப்பரைச் சாய்த்து வைத்து முடிந்த மட்டும் ஒடுக்கினார். மருந்துத் தட்டில் நெற்றி வந்தது, கண் வந்தது, இருமலை அடக்கிக்கொண்ட வாய் வந்தது. மூக்கில் மட்டும் மிளகு மாதிரி ஒரு கறுப்பு. நெகட்டிவில் சுரண்டின இடம் படத்தில் கறுத்துத்தான் விழும். சாயம் கழுவினால் போகும், சுரண்டினது திரும்பாது.

"நானே குத்திட்டேனே பாப்பா" என்றார் அப்பா.

சுமங்கலியாகப் போனவளை அப்படிக் கொண்டுபோய் வைக்க முடியாது. அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சொட்டு வைத்தார். கடற்கரையில் மாமா சட்டத்தை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூக்குத்தி அப்படியே மின்னுது மச்சான்" என்றார். அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த காலண்டருக்கும் குடங்கள் வந்தன. காகிதக் கரை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அம்மாவின் புடவையைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. மீதி இருந்த கருநீலத் துணி என் ஸ்கூல் பாவாடைதான். முதலில் லீவு நாளில் நின்றேன், பிறகு சாப்பாட்டு மணிக்கு ஓடிவந்து நின்றேன், பிறகு ஸ்கூலுக்கே போகவில்லை. ஏழாவதோடு நின்றது அப்படித்தான். நில் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா ஒருநாளும் என்னைக் கரை என்று கூப்பிட்டதில்லை. குடத்தை எடுத்து முடித்ததும் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துவிடுவார். அதனால் என் சின்ன வயசுப் போட்டோ என்னிடம் ஏராளம். எல்லாவற்றிலும் பயந்த முகம்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாத்திரக் காலண்டரும் இல்லை, அதை மாட்டின ஆணியும் இல்லை. அப்பாவும் போய் வெகுகாலம் ஆயிற்று. கேளம்பாக்கம் ஃபிளாட்டில் எங்கள் ஹாலில் அம்மா படம் இருக்கிறது. போன மழையில் ஈரம் ஏறிச் சட்டத்துக்குள் பேப்பர் வளைந்துவிட்டது. அப்பா வைத்த வெள்ளைச் சொட்டு உரிந்து கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. மூக்கில் பழைய கறுப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற என் மகன், கீழே கேப் ஹாரன் அடிக்கிற அவசரத்திலும், "போன்லயே சரி பண்ணிடலாம்மா. அந்தப் புள்ளிய எடுத்துட்டு, பின்னாடி இருக்கற வேட்டி, ஈரக் கறையெல்லாம் எடுத்துட்டா, ஆயா மட்டும் நீட்டா நிப்பாங்க" என்றான்.

"எடுத்த வரைக்கும் போதும்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, கிளம்பிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு கேஸை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுப் படத்தின் எதிரே வந்து நிற்கிறேன். ஒரு இடத்தில் நின்றால் கண்ணாடியில் இருக்கிற வெள்ளைச் சொட்டு அம்மா மூக்கில் சரியாகப் போய் உட்காருகிறது, மூக்குத்தி மின்னுகிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் விலகிப்போகிறது. அசையாமல் நிற்கிறேன்.