மூன்றாவது பொத்தான்

சீட்டுக் கைக்கு வந்ததும் சவுந்தரநாயகம் அதை இடது கையில் விசிறிபோல விரித்து, சட்டையின் மூன்றாவது பொத்தானோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். முழங்கை விலாவில் ஒட்டியிருக்கும். பக்கத்துக் கண்களுக்குச் சீட்டைக் காட்டாத கவனம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள், அவரும் நினைக்கவிட்டார். உண்மையில் அந்தக் கை நடுங்கியது. தன் கை தன் சொல் கேளாமல் போனதை மறைக்க, தான் கண்டுபிடித்த அந்த உபாயத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர் வீடு. ஞாயிறு பின்னேரங்களில் அங்கே முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். ஜாக்தான் அதில் பெரிய சீட்டு, அதை நம்பித்தான் இத்தனை புள்ளி எடுப்போமென்று ஏலம்போலக் கேள்வி கேட்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த நோபேட் கொட்டாஞ்சேனையிலிருந்து சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி வந்து சேருவார். அவர்தான் சவுந்தரநாயகத்தின் சோடி. எதிர்ச்சோடி அடுத்த வீட்டு இராசரத்தினமும் அவருடைய மைத்துனர் பெரியதம்பியும். போரால் ஊருக்குப் பாதை இல்லை, ஊரிலிருந்து கடிதமும் இல்லை. பென்சன் எடுத்த மனிதருக்கு மிச்சமாக இருந்தது அந்த ஞாயிறுதான்.

நோயின் பெயர் பாக்கின்சன் என்று கொள்ளுப்பிட்டியில் ஒரு நரம்பு டொக்டர் சொன்னார். வீட்டில் மனைவி ஜெகதீஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

“அவசரமில்லை. உங்களுக்கு எது பெரிய இடைஞ்சல் எண்டு சொல்லுங்கோ. அதை வைச்சுத்தான் மருந்தைத் தீர்மானிக்கலாம்,” என்றார் டொக்டர்.

சீட்டு என்று சொல்ல சவுந்தரநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. “சேட்டுப் பொத்தான் பூட்ட நேரமெடுக்குது,” என்றார்.

“அவ்வளவுதானா? அப்ப மருந்து இப்ப வேண்டாம். பொத்தானில்லாத சேட்டாப் போடுங்கோ.”

பெரிய டொக்டரிடம் போய், தையற்காரன் சொல்லக்கூடிய ஆலோசனையை வாங்கிக்கொண்டு அவர் திரும்பினார். வழியில் பஸ்ஸை மறித்தார்கள். வரிசையில் நின்றபோது, காற்சட்டைப் பையிலிருந்த கையை வெளியே எடுக்கச் சொன்னான் ஒரு சிப்பாய். கை வெளியே வந்து தன்பாட்டில் ஆடியது. “மொகத, பயத?” பயமா என்று சிங்களத்தில் கேட்டான். லெட என்று ஒரு சொல் சொன்னால் போதும், வருத்தமென்று அவனுக்கு விளங்கியிருக்கும். “ஓவ் மஹத்தயா, பயய்,” பயம்தான் என்றார் சவுந்தரநாயகம். சிப்பாய் சிரித்து அனுப்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு நோபேட் துணிந்து பெரிய கேள்வியாகக் கேட்டு, ஆட்டம் முழுவதையும் அள்ளினார். இராசரத்தினம் தன் சீட்டை மேசையில் எறிந்தார்.

“ஐசே, உம்மட கை என்ன தந்தி அடிக்குதோ?”

“என்ன தந்தி?”

“நானும் எத்தினை கிழமையாப் பாக்கிறன். ஆடிக்கொண்டே இருக்குது. கள்ளச் சைகை. இல்லையெண்டு சொல்லும் பாப்பம்.”

எதற்கும் முதல் ஆளாக வாய்காட்டும் நோபேட், அன்று தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். பாவம், நண்பனின் மனம் நொந்து பேச்சே வரவில்லை என்று சவுந்தரநாயகம் நினைத்தார். அவருக்கு முன்னால் இரண்டே சொற்கள் இருந்தன: கள்ளன், வருத்தக்காரன்.

“ஓம், சைகைதான்,” என்றார்.

இராணுவத்துக்குக் கோழை, கூட்டாளிகளுக்குக் கள்ளன். இரண்டும் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அவர் தனியே இருந்து நான்கு பேருக்கும் சீட்டுக் கொடுத்துப் பார்த்தார், அதிலும் தோற்றார்.

“போய் டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுங்கோ,” என்றாள் ஜெகதீஸ்வரி. “இல்லாட்டி நான் வந்து சொல்லுவன்.”

சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. “நடுக்கத்துக்கெண்டே ஒரு குளிசை இருக்கு. ஆனா உங்கட வயசில ஞாபகத்தைக் குழப்பும். எந்தச் சீட்டுப் போனது, எது நிக்குது எண்டு பிடிபடாது. மற்றது, இருக்கிறதுக்குள்ள நல்ல குளிசை. சில வருசம் நல்லாக் கேக்கும். பிறகு விட்டுவிட்டுத்தான் கேக்கும், உடம்பு தன்பாட்டில நெளியவும் கூடும். அதாலதான் சிலர் பிந்தித் தொடங்குவினம். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

ஒரு குளிசை கையைத் தந்து மூளையை எடுக்கும். மற்றது இப்போது தந்து பின்னர் பிடுங்கும். ஒன்றும் எடுக்காவிட்டால் கள்ளன் பட்டம் நிரந்தரம். முந்நூற்றிநாலில் ஒருநாளும் இவ்வளவு யோசித்துத் துரும்புச்சீட்டு வைத்ததில்லை அவர். “நல்லதை எடுத்துவைப்பம். கடைசியில உதவும்,” என்று மனைவியிடம் சொன்னார்.

“கடைசியில,” என்றாள் அவள், மரக்கறி வெட்டியபடி. “சில வருசத்துக்குப் பிறகு இந்த ஒழுங்கையில ஆர் இருப்பினம், ஆர் இல்லாமப் போவினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? விளையாட ஆளில்லாத நேரத்தில கையை வைச்சு என்ன செய்யப்போறியள்?”

அந்த நல்ல குளிசையைக் குறைந்த அளவில் தொடங்கினார். பிறகு இராசரத்தினத்தின் கதவைத் தட்டினார்.

“நான் கள்ளனில்லை, வருத்தக்காரன்.”

இராசரத்தினம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “விசரா, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. நான் கள்ளனோடதான் விளையாட மாட்டன். வருத்தக்காரனோட விளையாடுவன். ஆனா விட்டுத்தர மாட்டன்.”

ஆட்டம் திரும்பியது. குளிசை பிடித்து, கை பூசைக்கு இருத்திய பிள்ளைபோல அடங்கியது. பொத்தானோடு அழுத்தத் தேவையில்லை. காற்றில் விரித்துப் பிடித்தார். ஆனால் அவர்கள் தோற்றார்கள். வாராவாரம் தோற்றார்கள். நோபேட்டின் கேள்விகள் குருட்டாம்போக்கில் போயின. ஞாபகம் குழம்புமென்று டொக்டர் சொன்னது மற்றக் குளிசையைப் பற்றியென்றாலும், இதுவும் தன் மூளையைத் தின்றுவிட்டதென்று சவுந்தரநாயகம் முடிவுகட்டினார். “என்னாலதான் மச்சான், மன்னிச்சுக்கொள்,” என்று ஒவ்வொரு ஞாயிறும் நோபேட்டிடம் சொல்வார். “பரவாயில்லை மச்சான்,” என்று நோபேட் பெருந்தன்மையோடு கையைத் தட்டிக்கொடுப்பார்.

நோபேட்டின் மகளுடைய கலியாணத்தில், மாதா கோயில் முற்றத்தில் வைத்து அவர் மனைவி றோஸி கேக் பெட்டியை நீட்டியபடி கேட்டாள்:

“இப்ப ஏன் அண்ணன் பொத்தான் தட்டுறதை விட்டுட்டீங்க? உங்களுக்கு ஜாக் வந்தா கை கூட ஆடி, சீட்டு பொத்தானில டிக்கு டிக்கெண்டு தட்டுமாம். அதைக் கேட்டுத்தானே இவர் அந்தக் காலத்தில கேள்வி கேட்டவர்.”