விழுந்த வாழையும் தாசையன் எடுத்த படமும்

கடந்த மே இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பது. மழை பெரிதாக இல்லை. தெற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. நான்கு மணிக்கு அது போய்விட்டது. நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே நான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நாற்பது சென்டில் இருநூற்றுப் பன்னிரண்டு ஏத்தன் என்கிற நேந்திரன் வாழைகள் நின்றன. நூற்றுத் தொண்ணூற்றாறு விழுந்துவிட்டன. ஓணத்துக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் போக வேண்டிய குலைகள்.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆரியசாலையில் ஓர் அரிசிக்கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். இந்த நிலம்தான் எனக்கும் என் மனைவி ரெத்தினத்துக்கும் சோறு. நவம்பர் முடிவதற்குள் அடுத்த பாட்டப் பணம் வராவிட்டால் ரப்பர் வைத்துவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அரசு கொடுக்கும் நஷ்ட ஈடு ஒன்றுதான் வழி.

அதையும் நானே கெடுத்தேன். கிடக்கும் தண்டில் வண்டு முட்டையிடும் என்ற பயத்தில், விழுந்ததை எல்லாம் எண்ணி எழுதி வைத்துவிட்டு, இரண்டே நாளில் வெட்டிக் குழியில் போட்டு மூடினேன். ஆபீசர் பார்க்கட்டும் என்று ரெத்தினம் எவ்வளவோ சொன்னாள். கணக்கு இருக்கிறதே என்றேன்.

செவ்வாய்க்கிழமை விவசாய அலுவலகமான கிருஷி பவனிலிருந்து ஆபீசர் வந்தார். சின்ன வயதுப் பெண். சுத்தமான நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

“மாமா, கணக்கு சரியாத்தான் இருக்கும். பட்சே வாழை எங்க? நான் எதக் கண்டு எழுதும்?”

படம் இருந்தால் வரும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார். எங்களிடம் இருப்பது பொத்தான் போன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஜெபிக்கவும் பலம் இல்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளை என் சொல்லை நம்பச் செய்யும் என்று மட்டும் கேட்டேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பக்கத்து நிலத்துத் தாசையன் வார்டு மெம்பரிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அவனோடு எனக்குப் பேச்சு நின்று இரண்டு வருடம். அவன் ஆடுகள் என் வாழைக்கன்றுகளைப் பதினொரு தடவை கடித்திருக்கின்றன. அன்று வீசிய காற்றில் அவனுடைய ஆட்டுக்கொட்டகைக் கூரையும் உடைந்தது. மறுநாளே வந்து நஷ்டம் கேட்டான். காற்று செய்ததற்கு நான் என்ன செய்ய என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“ஓய், காத்துன்னு சொன்னீரே. எனக்க கூரைமேல கெடக்குறது காத்தா, வாழையா?”

வாழைதான். அவன் கூரைமேல் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் என் நிலம் முழுவதும், குலையோடு, வரிசை வரிசையாகக் கிடந்தது. மூலையில் தேதியும் மணியும் இருந்தன. போனைக் கையில் வாங்கிக்கொண்டு கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரெத்தினம்தான் முதலில் பேசினாள். “தாசையா, அந்தப் படம் எங்களுக்கு வேணும்டே.”

“தாறேன் அக்கா. எனக்க ஷீட்டுக்க காரியம்?”

வாழை விழுந்துதான் உடைந்தது என்று ஒத்துக்கொண்டேன். அதை ஆபீசர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றான். மறுநாள் அவனே என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோனான். கிருஷி பவனில் நான் சொன்னேன், அவன் படங்களைக் காட்டினான், ஆபீசர் எழுதிக்கொண்டார்.

நவம்பர் இரண்டாம் வாரம் பணம் வந்தது. நஷ்டத்தில் கால்வாசிகூட இல்லை. பாட்டத்துக்குப் போதுமாக இருந்தது. நிலம் கையை விட்டுப் போகவில்லை. புதிய கன்று வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கும் சகோதரரே, என் சொல்லை நம்பச் செய்யும் என்று கேட்டேன். ஆண்டவர் அதைச் செய்யவில்லை. நான் முகம் கொடுக்காத மனிதனை அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஜெபிக்கும்போது வழி சொல்லிக் கொடுப்பதில்லை. நீங்களும் தேவையை மட்டும் சொல்லிவிட்டு அவரை நம்பிக் காத்திருங்கள். யார் வந்தாலும் கதவைத் திறங்கள்.

தாசையனுக்கு ஆறு தகர ஷீட்டு, ஆணி, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்துக் கொடுத்தது ஐயாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.