கொக்கு வரைந்த கிண்ணம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கிண்ணங்களை நான் உடைக்கமாட்டேன். யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

ஓசூரில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டி ஏற்றும் வேலை எனக்கு. அங்கே கம்பெனி வேலைக்கு வந்திருந்த ஜப்பான் குடும்பம் ஒன்று ஊர் திரும்பியபோது, அந்த வீட்டம்மா ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தை என் கையில் வைத்தார். அவர்கள் ஊரில் அரிசிச் சாராயம் குடிக்கும் கிண்ணம், தாத்தா காலத்தது என்று அவர்களுடைய டிரைவர் சொன்னார். உள்ளே ஒரு வெள்ளைக் கொக்கு பறந்தது. கையால் வரைந்தது. தூரிகையை எங்கே அழுத்தினார்கள், எங்கே தூக்கினார்கள் என்று இன்றும் தெரியும். விளிம்புத் தங்கம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் எப்போதும் அந்தப் பக்கமே வாய் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பெங்களூரில் பழைய சாமான் சந்தையில் அதே மாதிரிக் கிண்ணங்களைத் தேடித் தேடி வாங்கி அலமாரியில் வைத்தேன். மூங்கில், மீன், பனி மூடிய மலை. நான் குடிக்கிறவன் இல்லை. பீடிகூடக் கிடையாது.

எங்கள் வீடு இருப்பது கடத்தூர்ப் பக்கம். கொக்குக் கிண்ணத்தை என் மனைவி சோப்புப் போட்டுக் கழுவி, வாசலை ஒட்டி மாதா படத்துக்குக் கீழே வைத்து, கோயிலில் மந்திரித்த தண்ணீர் ஊற்றினாள். எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் வாரம் ஒரு வீட்டில் செபத்துக்குக் கூடுவோம். அதற்கு அன்பியம் என்று பெயர். எங்கள் முறை வந்தால் எல்லோரும் அந்தக் கிண்ணத்தில் விரல் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். கொக்கைப் பரிசுத்த ஆவியின் புறா என்றே எண்ணிக்கொண்டார்கள். புறாவுக்குக் கால் ஏன் இவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கவில்லை.

என் மச்சினன் போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தான்.

"மாமா, சாராயக் கிண்ணத்துலயா இத்தன நாளா சிலுவ போட்டோம்?"

சிரிப்புக்குத்தான் சொன்னான். தெருவெல்லாம் சொன்னான். அன்பியத்தை நடத்தும் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லாக் கிண்ணத்தையும் உடைத்துப் போட்டால்தான் இனி இந்த வீட்டில் செபம் என்றார்.

"கழுவித்தானக்கா வெச்சேன்" என்றாள் மனைவி.

"கழுவுனா போற பாவமா அது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அப்ப செபத்த வேற வூட்ல வெச்சுக்கோங்கக்கா. கிண்ணம் இங்கதான் இருக்கும்."

 அன்று நாக்கு ஒட்டாமல் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

எங்கள் முறை வந்த வாரம் பாய் விரித்து வைத்தோம். எல்லோரும் எதிர் வீட்டில் கூடிவிட்டார்கள். அங்கிருந்து பாட்டுக் கேட்டது. நாங்கள் இருவரும் முழங்காலிட்டோம். எனக்குப் பாட வராது. அன்று பாடினேன்.

பாதியில் மச்சினன் வந்தான். வழக்கம்போல விரல் கிண்ணத்துக்குப் போய், அந்தரத்தில் நின்றது. என் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, பாயில் உட்கார்ந்தான். அவன் ஒருவன்தான் வந்தான்.

பெங்களூரில் ஒரு கிண்ணம் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் தொப்பைக்காரர் ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டுச் சிரிக்கிறார். அதையும் வாங்குவேன். வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி, அலமாரியின் முன்வரிசையில் வைப்பேன்.